பொதுச் சாமானுக்கு வட்டப் புள்ளி: எந்த நிறம், எங்கே வைப்பது, எதனால் உரிகிறது

வளவு_வாசல் | 03-06-2024, காலை 7:15
காரைக்குடிப் பக்கம் நாலு புள்ளி (பங்குள்ள குடும்பம்) பாத்தியமுள்ள பழைய வீடு. படைப்பு (முன்னோருக்கு வைக்கும் படையல்), கல்யாணம் என்று பொதுச் சாமானையும் தனிச் சாமானையும் சேர்த்து இறக்கினால், திரும்ப அடுக்கும்போது எது யாருடையது என்று தெரிவதில்லை. பேர் வெட்டாத எவர்சில்வர்தான் அதிகம். ஸ்டேஷனரிக் கடையில் ஷீட்டாக விற்கும் வட்ட ஸ்டிக்கரை, புள்ளிக்கு ஒரு நிறம் என்று ஒட்டிவிடலாமா? சாவி, அலமாரி, பலகார டப்பாவுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை. எந்த அளவு, எத்தனை நாள் தாங்கும்?

அண்டா_குண்டான் | 03-06-2024, காலை 9:02
காகித ஸ்டிக்கர் ஒரு பந்திக்குக்கூடத் தாங்காது. வெந்நீர், சோப்பு, தேங்காய் நார் மூன்றும் சேர்ந்தால் முதல் கழுவலிலேயே ஓரம் தூக்கும், இரண்டாவதில் போய்விடும். வினைல் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். வாடகைப் பாத்திரக் கடைக்காரர்கள் ஸ்டிக்கர் பக்கமே போகமாட்டார்கள். எனாமல் பெயிண்ட்தான்.

முறை இது. வைக்கப்போகும் இடத்தை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேயுங்கள். பழந்துணியில் தின்னர் தொட்டுத் துடையுங்கள், அதற்குப் பிறகு அங்கே விரல் படக்கூடாது. பென்சிலின் தட்டையான பின்முனையை பெயிண்டில் தொட்டு, ஒரே அழுத்தாக வைத்து நேரே மேலே எடுங்கள். பிரஷ் வேண்டாம், வழியும். சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. ஆனால் உள்ளே இறுக முழுசாக ஒரு நாள் வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தண்ணீர் காட்டலாம். அவசரப்பட்டு அன்றைக்கே கழுவுவதால்தான் முக்கால்வாசிப் புள்ளி உரிகிறது. பெயிண்ட் மேல் குற்றமில்லை.

இடம்தான் முக்கியம். அடியில் வைத்தால் அடுப்பில் கருகி உதிரும். உள்பக்கம் கூடவே கூடாது. விளிம்பில் வைத்தால் வடிக்கும்போது உரசும். அண்டா, குண்டானுக்குக் காதின் கீழ், வெளிப்பக்கம். கரண்டிக்குக் காம்பு நுனியின் பின்புறம். தாம்பாளத்துக்கு விளிம்பு மடிப்பின் அடிப்பக்கம். தூக்குச்சட்டியில் மூடிக்கும் சட்டிக்கும் தனித்தனிப் புள்ளி. பந்தி முடிந்தால் மூடிதான் முதலில் ஊர் சுற்றப் போகும்.

தின்னர்_வாடை | 03-06-2024, காலை 11:30
மேலே சொன்னதோடு ஒன்று. பரணில் கிடக்கும் பழைய டப்பா பெயிண்டைத் தொடாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சரக்கில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சில், என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. புதிதாகச் சின்ன டப்பா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வளவு_வாசல் | 03-06-2024, மதியம் 1:10
பித்தளை, வெண்கலம்?

அண்டா_குண்டான் | 03-06-2024, மதியம் 1:48
வேண்டாம். புளி போட்டுத் துலக்கும் சாமானில் எந்தப் பெயிண்டும் நிற்காது. தேய்க்கிற ஒவ்வொரு முறையும் புள்ளியும் தேயும், அதைச் சுற்றித் தேய்க்காமல் விட்ட இடம் கறுத்து வளையமாகத் தெரியும். பித்தளைக்குப் பேர் வெட்டுவதுதான் வழி. வெட்டுகிறவர் பாத்திரக்கடை வாசலிலேயே கிடைப்பார்.

நிறக்கண் | 03-06-2024, இரவு 8:20
நிறத் தேர்வைப் பற்றி யாரும் பேசவில்லை. சமையல் கொட்டகையில் இருப்பது மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகிவிடும், கருநீலம் கறுப்பாகத் தெரியும், ஆரஞ்சும் சிவப்பும் சண்டைக்கு நிற்கும். எவர்சில்வரில் வெள்ளை, சாம்பல் இரண்டும் எடுக்காது. மிஞ்சுவது சிவப்பு, மஞ்சள், வெளிர்நீலம், கறுப்பு.

பச்சையை ஏன் விட்டேன் என்றால், சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு. அது தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் வருவது, அதனால் பெண்களுக்கு அரிது. சாமான் அடுக்க வருகிறவர் தனக்கு அது இருப்பதைச் சொல்லிக்கொண்டு வரமாட்டார். பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஜப்பான்காரர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட சோதனைப் புத்தகம் முழுக்க இந்த வட்டங்கள்தான். 75 செ.மீ. தள்ளிப் பிடித்துக் காட்டினால், வண்ணப் பொட்டுகளுக்கு நடுவே எண் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். முழுப் பதிப்பில் 38 தட்டு. ரயில்வே வேலைக்குப் போனவர்களுக்குப் பழக்கமாக இருக்கும்.

ஆகவே நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் குடும்பத்துக்கு ஒரு பொட்டு, இரண்டாவதுக்கு இரண்டு, இப்படி. நிறம் மங்கினாலும் எண்ணிக்கை நிற்கும்.

கணக்கப்பிள்ளை | 03-06-2024, இரவு 9:05
அதையே இன்னும் நீட்டலாம். நாலு நிறம், மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு பொட்டு. வரிசையும் கணக்கு என்றால் 16 அடையாளம் கிடைக்கும். மேல்பொட்டு யாருடையது, கீழ்ப்பொட்டு எந்த அறைக்குத் திரும்ப வேண்டும். ஐந்தாவது, ஆறாவது நிறம் தேடி அலைய வேண்டாம்.

மேல் எது கீழ் எது என்று குழப்பம் வராமல் இருக்கக் காதைக் குறியாக வையுங்கள்: காதுக்குப் பக்கத்தில் இருப்பது முதல் பொட்டு. பட்டியலை முகப்பில் சுவரில் ஒட்டாதீர்கள், சாமான் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

மேங்கோப்பு | 04-06-2024, காலை 6:50
சுவரில் ஒட்டுவது என்றதும் பயம் வருகிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரில் ஸ்டிக்கர், செல்லோடேப் எதுவும் வேண்டாம். பசை எண்ணெய் மாதிரி உள்ளே இறங்கி மஞ்சள் வட்டமாக நிற்கும், பிறகு சுண்ணாம்பு அடித்தாலும் வெளியே தெரியும்.

இன்னும் தொடக்கூடாதவை: பர்மா அரக்குச் சாமான் (உரிக்கும்போது பொன்வேலையும் சேர்ந்து வரும்), கண்ணாடி போடாத பழைய போட்டோ, பழைய எனாமல் தட்டில் விரிசல் விட்ட இடம். ஆத்தங்குடிக் கல்லுக்கும் அதே பேச்சுதான். மேலே தெரியும் நிறம் சிமெண்டும் ஆக்சைடும் கலந்த மெல்லிய படலம், அதில் நுண்துளை உண்டு. ஸ்டிக்கர் பசையை எடுக்கிறேன் என்று மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்தக் கறை கல்லோடுதான் இருக்கும்.

மங்குச் சாமானுக்கு (பீங்கான்) ஒட்டுவதானால் அடிவளையத்துக்குள், மெருகு உள்ள இடத்தில் மட்டும்.

உக்கிராணம் | 04-06-2024, காலை 8:15
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? ஆச்சி பீரோக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கும் பொட்டில் பத்து எடுத்தால் வேலை முடிந்தது.

அண்டா_குண்டான் | 04-06-2024, காலை 8:40
எடுத்துப் பாருங்கள், படைப்பு முடியும் முன்னே உங்களுக்குப் படைப்பு வைத்துவிடுவார்கள்.

விரல்_நுனி | 04-06-2024, காலை 10:25
சிரிப்பு இருக்கட்டும், பொட்டுக்கு நல்ல வேலை ஒன்று உண்டு. பார்வை குறைந்தவர்களுக்குத் தடவித் தெரிந்துகொள்ளும் குறி. கல் பொட்டு, மேடாக இருப்பது. மிக்ஸி, வாஷிங் மெஷின் திருகில் தினமும் வைக்கும் நிலைக்கு நேரே ஒன்று. ரிமோட்டில் ஆன் பட்டனுக்குப் பக்கத்தில், பட்டன் மேல் அல்ல. சுவிட்ச் போர்டில் ஃபேனுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் ஒட்டினால் எதுவும் தெரியாது. ஒரு பலகைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

கேஸ் அடுப்புத் திருகில் வேண்டாம். சூட்டில் பசை இளகிப் பொட்டு மெல்ல நகரும். ‘சிம்’ என்று நினைத்துத் தடவும் இடம் வேறாக இருந்தால் ஆபத்து. அங்கே எபாக்சி பசையில் ஒரு சொட்டு வைத்து இறுக விடுங்கள்.

நெற்றியில் வைக்கும் ஸ்டிக்கர் பொட்டுப் பற்றியும் சொல்லிவிடலாம். பசையில் சேர்க்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் சிலருக்குத் தோலின் நிறமி செல்களைக் கெடுக்கும். முதலில் அரிப்பு, பிறகு பொட்டு வைத்த இடத்திலேயே வட்டமாக வெள்ளை. அரிப்புக் கண்டவுடனே நிறுத்துங்கள். வேறு பிராண்டுக்கு மாறிப் பார்ப்போம் என்பது சரியல்ல, அதே பசை அதிலும் இருக்கலாம். தோல் மருத்துவரிடம் சீக்கிரம் போனால் நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு.

சீப்புச்சீடை | 04-06-2024, மாலை 4:30
பலகார டப்பா பக்கம் வருவோம். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை என்று வியாபாரத்துக்குச் சுடுகிறவர்களுக்கு, எது என்றைக்குச் சுட்டது என்பதுதான் தலைவலி. பல ஹோட்டல் சமையலறைகளில் ஏழு நாளுக்கு ஏழு வட்டம் வைக்கிறார்கள்: திங்கள் நீலம், செவ்வாய் மஞ்சள், புதன் சிவப்பு, வியாழன் பழுப்பு, வெள்ளி பச்சை, சனி ஆரஞ்சு, ஞாயிறு கறுப்பு. அடியில் இருப்பதை முதலில் எடு என்று கத்த வேண்டியதில்லை.

ஆனால் அது ஒரு வாரத்துக்குள் தீரும் சரக்குக்கான ஏற்பாடு. முறுக்கு வகை வாரம் தாண்டியும் இருக்கும். போன செவ்வாயா, இந்தச் செவ்வாயா? ஆகவே வட்டத்தின் நடுவில் பால்பாயிண்டால் வாரத்தின் எண்ணை எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா எண்ணெய் பட்டால் பரவும். டின்னில் ஒட்டுங்கள், பாக்கெட்டில் வேண்டாம். பாக்கெட்டில் தயாரித்த தேதி எப்படியும் அச்சில் இருந்தாக வேண்டும், வட்டம் அதற்கு மாற்று ஆகாது.

டின்னில்கூட மூடியில் ஒட்டக்கூடாது. காரணம் அண்டா_குண்டான் மேலேயே சொல்லிவிட்டார்.

உக்கிராணம் | 04-06-2024, மாலை 5:00
வெள்ளிக்கிழமைப் பச்சை பாக்கெட்டில் வந்தால் சைவம், புதன்கிழமைச் சிவப்பு வந்தால் அசைவம். விளங்கிடும்.

சீப்புச்சீடை | 04-06-2024, மாலை 5:35
வேடிக்கையாகச் சொன்னாலும் காரியமான விஷயம். பாக்கெட்டில் நம் சொந்தக் குறியாகப் பச்சை வட்டமோ பழுப்பு வட்டமோ வைக்கவே கூடாது.

சைவக் குறி என்றால் பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம். அளவு, பாக்கெட்டின் முன்முகப் பரப்பைப் பொறுத்தது. 100 சதுர செ.மீ. வரை வட்டத்தின் குறுக்களவு 3 மி.மீ.க்குக் குறையக்கூடாது, 500 வரை 4, 2500 வரை 6, அதற்கு மேல் 8. வெளிக்கட்டத்தின் பக்கம் வட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. 15 செ.மீ.க்கு 20 செ.மீ. பை என்றால் 300 சதுர செ.மீ., ஆகவே 4 மி.மீ. வட்டம், 8 மி.மீ. கட்டம். பொருளின் பெயருக்கோ பிராண்டுக்கோ பக்கத்தில், நிறம் எடுத்துத் தெரியும் பின்னணியில். பச்சை நிறப் பையில் பச்சைக் குறியை நேராக அச்சடித்து விடுகிறார்கள், தெரிவதேயில்லை. கீழே வெள்ளை கொடுங்கள்.

பாலும் நெய்யும் சைவக் குறிக்குள் வரும். முட்டை சேர்ந்தால் அசைவக் குறி.

நிறக்கண் | 04-06-2024, இரவு 7:50
உக்கிராணம் சொன்ன ‘சிவப்பு வட்டம் அசைவம்’ சட்டத்தில் எப்போதுமே இல்லை. அது பழுப்பு. அச்சில் சிவப்பாக விழுந்துவிடுவதால் அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. இப்போது வட்டமும் இல்லை: 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளில் பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் ஆக்கிவிட்டார்கள். பச்சை வட்டத்தையும் பழுப்பு வட்டத்தையும் பிரிக்க முடியாத கண்களுக்கு வடிவம் உதவும். நேற்று நான் எண்ணிக்கை வையுங்கள் என்றதும் இதே கணக்குத்தான்.

கீழவீதி | 04-06-2024, இரவு 9:15
பிஸ்கட் பாக்கெட் மடிப்பில் வரிசையாக நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு வட்டம் இருக்கிறதே, அது எவ்வளவு கெமிக்கல் என்பதற்கான குறி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

சிவகாசி_மை | 04-06-2024, இரவு 9:40
பொய். அது அச்சுக்காரனுக்கான குறி. நாலு மையும் (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) சரியான அடர்த்தியில் விழுகிறதா, ஒன்றுக்கொன்று விலகாமல் நிற்கிறதா என்று ஓடும்போதே பார்க்க. ஐந்தாவது, ஆறாவது வட்டம் இருந்தால் அந்தக் கம்பெனியின் தனி நிறத்துக்குத் தனி மை ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். டூத் பேஸ்ட் அடியில் இருக்கும் பட்டையும் இதே ரகம்: எங்கே வெட்டி ஒட்ட வேண்டும் என்று மெஷினின் கண்ணுக்குச் சொல்வது. பச்சை என்றால் மூலிகை என்பதெல்லாம் கதை.

பூச்சிமருந்து பாட்டிலில் இருக்கும் நிறக்குறியை இந்த லிஸ்டில் சேர்க்காதீர்கள். அது வட்டமல்ல, முனையில் நிற்கும் சதுரம், அது நிஜமான எச்சரிக்கை. சிவப்பு கடும் விஷம், பிறகு மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. பச்சையும் விஷம்தான்.

குளிர்ப்பெட்டி | 05-06-2024, காலை 7:30
குறி என்றால் போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் இருப்பதைச் சொல்ல வேண்டும். வி.வி.எம். (வாக்ஸின் வயல் மானிட்டர்) என்பார்கள், 1996 முதல் வருகிறது. ஊதா வட்டம், அதற்குள் வெளிறிய சதுரம். சூடு படப்பட சதுரம் கருக்கும், மறுபடி குளிரில் வைத்தாலும் திரும்ப வெளுக்காது. சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருக்கும்வரை கொடுக்கலாம். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டாலே குப்பையில் போட வேண்டும். அதைவிடக் கருக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

போலியோ மருந்துக்கு ஒட்டுவது சீக்கிரம் மாறும் ரகம்: 37 டிகிரியில் இரண்டு நாளில் முடிந்துவிடும். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து வெயிலில் குப்பியை மேஜையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது என்பதற்கு அதுவே கணக்கு.

அது சொல்லாதது ஒன்று உண்டு: உறைந்து கெட்டதை அது காட்டாது. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்ற தடுப்பூசிகள் உறைந்தால் வீணாகும், குப்பியின் குறி அப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும். சந்தேகம் வந்தால் குப்பியைக் குலுக்கி வைத்து, அடியில் வண்டல் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று, வேண்டுமென்றே உறைய வைத்த குப்பியோடு பார்க்க வேண்டும்.

மூணு_பேஸ் | 05-06-2024, காலை 9:10
மெயின் போர்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று வட்ட விளக்கு எரிகிறதே, அதையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். மூணு பேஸ் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால், அந்த மோட்டாரே போன பேஸுக்கு மின்னழுத்தத்தைத் திருப்பிக் கொடுக்கும். விளக்கு மூன்றும் எரியும், ஒன்று லேசாக மங்கலாக. மோட்டார் உறுமலோடு சுடும், கொஞ்ச நேரத்தில் உள்ளே சுற்றிய கம்பிச்சுருள் (காயில்) எரிந்துபோகும். விளக்கைப் பார்த்து முடிவு எடுக்காமல் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) போடுங்கள். சோதிப்பதானால் மோட்டாரை நிறுத்திவிட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள்.

ஈ.பி. மீட்டரில் சிமிட்டும் சிவப்புப் புள்ளி மட்டும் பொய் சொல்லாது. யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகத்திலேயே போட்டிருக்கும். ஒரு நிமிடம் எண்ணி, 60-ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் இப்போது ஓடும் லோடு கிலோவாட்டில் வரும். 1600 மீட்டரில் நிமிடத்துக்கு 40 என்றால் ஒன்றரை கிலோவாட். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சிமிட்டினால் கசிவு எங்கோ இருக்கிறது, அல்லது மாடியில் யாரோ ஃபேனை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

கீழவீதி | 05-06-2024, காலை 9:50
புது டயரில் மஞ்சள், சிவப்புப் பொட்டு?

பஞ்சர்_கொட்டகை | 05-06-2024, காலை 10:20
மஞ்சள், டயரின் எடை குறைந்த இடம். ரிம்மில் வால்வு உள்ள இடம் எடை கூடுதல், ஆகவே மஞ்சளை வால்வுக்கு நேரே வைத்து மாட்டினால் ஈயக்கட்டி குறைவாகப் போதும். சிவப்பு, டயர் உருளும்போது அதிகமாக உதைக்கும் மேடான இடம். ரிம்மில் பள்ளக் குறி இருந்தால் சிவப்பு அதற்கு நேரே, அப்போது மஞ்சளை விட்டுவிடலாம். குறி இல்லாவிட்டால் மஞ்சளை வால்வோடு சேருங்கள். எப்படி மாட்டினாலும் பேலன்சிங் பார்க்க வேண்டும். ஓடித் தேய்ந்த டயரில் அந்தப் பொட்டுக்கு மதிப்பில்லை.

சாவிக்கொத்து | 05-06-2024, மாலை 6:05
சாவியைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. நெயில் பாலிஷ் வைப்பார்கள், கொத்தில் ஒன்றோடொன்று உரசிப் போய்விடும். நிற்க வேண்டுமென்றால் பள்ளத்தில் வையுங்கள். சாவித் தலையில் எண்ணோ எழுத்தோ பதிந்திருக்கும், அந்தக் குழிக்குள் எனாமலை நிரப்பி, மேலே வழிந்ததை உடனே துணியால் வழித்துவிடுங்கள். பள்ளத்தில் இருப்பது உரசாது. எண் இல்லாத சாவியில் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு தட்டினால் சின்னக் குழி கிடைக்கும். தலையில் மட்டும், பல் பக்கம் வேண்டாம். இரும்புக்கட்டை மேல் வைத்துத் தட்டுங்கள், பழைய வார்ப்புச் சாவி வெறுமனே தட்டினால் உடையும்.

பூட்டில் அதே நிறத்தை வெளியே தெரியும்படி வைக்காதீர்கள். வருகிற திருடனுக்கு நாம் எதற்கு உதவ வேண்டும்?

மேங்கோப்பு | 05-06-2024, இரவு 8:45
கதவு நிலை, தூண், போதிகை இவற்றைக் கழற்றி மாற்றிப் பூட்டும்போது: இணைப்புக் கோட்டின் மேலேயே ஒரு வட்டம், பாதி இந்த மரத்தில், பாதி அந்த மரத்தில். திரும்பக் கூட்டும்போது வட்டம் முழுசாகச் சேர்ந்தால் சரியான இடம், விலகினால் ஆப்பு இறுகவில்லை. நேராகப் பாலிஷ் மேல் பெயிண்ட் வைத்தால் அழிக்கும்போது பாலிஷும் போகும். மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் வட்டம் போட்டு, கோட்டில் பிளேடால் கீறிப் பிரியுங்கள். வெயிலில் கிடக்கும் மரத்தில் டேப்பை வாரக்கணக்கில் விட்டால் பசை மரத்திலேயே தங்கிவிடும். நீண்ட நாள் கழற்றி வைப்பதானால் வெளியே தெரியாத உள்முகத்தில் நேராக எனாமல்.

வளவு_வாசல் | 06-06-2024, காலை 7:00
விரிப்பு, ஜமுக்காளம், பந்தித் துணிக்கு?

அண்டா_குண்டான் | 06-06-2024, காலை 7:35
துணிக்கு எனாமல் வேண்டாம், காய்ந்தால் விறைத்து வெடிக்கும். சலவைக்குப் போகும் துணியில் முன்பு சேங்கொட்டைச் சாறால்தான் குறி வைத்தார்கள். சுண்ணாம்பு சேர்ந்தால் கறுத்து, எந்தக் காரத்துக்கும் போகாது. ஆனால் அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்பளிக்கும், வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். கடையில் விற்கும் லாண்டரி மார்க்கரில் ஓரத்து மடிப்பில் வட்டம் போட்டு, மேலே துணி வைத்து இஸ்திரி போட்டால் சாயம் நன்றாகப் பிடிக்கும். அதைவிட எளிது, மூலையில் நிற நூலால் வட்டமாக நாலு தையல். ஜமுக்காளத்துக்கு அதுதான் நிற்கும்.

வெள்ளி_டப்பா | 06-06-2024, காலை 9:20
சாமான் பெட்டிக்குள் போடும் சிலிக்கா ஜெல் குண்டும் நிறத்தில்தான் பேசும். நீலம் ஈரம் குடித்தால் ரோஜா நிறம், ஆரஞ்சு ரகம் பச்சையாகும். மாறியதும் தூக்கி எறிய வேண்டாம். தட்டில் பரப்பி 110, 120 டிகிரி ஓவனில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். அதற்கு மேல் சூடு ஏற்றினால் சாயம் கருகிப்போய் அதன் பிறகு எதுவும் காட்டாது. நீலத்தில் இருப்பது கோபால்ட் உப்பு, அதனால் பலகார டப்பாவில் போடவே கூடாது; சமைக்கிற ஓவனிலும் காய்ச்சாதீர்கள். வெள்ளிப் பெட்டிக்கு ஆரஞ்சு ரகம், துணிப்பையில் கட்டி, வெள்ளியை நேரே தொடாமல்.